முப்பத்தோராம் எண் ஸ்லைடு

லூர்துராணி திருச்சியில் ஒரு பெரிய மருத்துவமனையின் நோய்க்குறியியல் பிரிவில் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கிறார். தரைத்தளத்துக் கடைசி அறை அவருடையது. நோயாளிகளின் உடலிலிருந்து எடுக்கும் சதைத் துண்டுகள் அங்கேதான் வந்து சேரும். அவற்றை மெழுகில் பதித்துக் கட்டியாக்குவார். ஒரு தலைமுடியின் பருமனில் இருபதில் ஒரு பங்கு மெல்லியதாக இயந்திரத்தில் சீவுவார். சீவல் வெந்நீரில் மிதக்கும்போது கண்ணாடி ஸ்லைடில் லாகவமாக ஏந்தி, சாயம் ஏற்றி, மாடியில் இருக்கும் டாக்டர்களுக்கு அனுப்புவார். இன்ன நோய் என்று சொல்வது டாக்டர்களின் வேலை. நோயாளியின் முகத்தை லூர்துராணி பார்த்ததே இல்லை.

பாலக்கரையில் பிறந்து வளர்ந்தவர். அப்பா அற்புதசாமி தனியார் பஸ் ஓட்டினார். நர்ஸாக வேண்டும் என்பது லூர்துராணியின் ஆசை. இடம் கிடைக்காமல் லேப் டெக்னீசியன் படிப்பில் சேர்ந்தார். சேர்ந்த முதல் மாதமே மைக்ராஸ்கோப்பில் ஒரு வெங்காயத் தோலைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து இரண்டு மணி நேரம் அதைப் பற்றியே பேசினாராம். இப்போதும் அப்படித்தான். அரியமங்கலத்தில் லேத் பட்டறையில் வேலை செய்யும் கணவர் ஆசீருக்கு, எந்தச் சாயம் எந்தத் திசுவில் எப்படி ஏறும் என்பது பாதி மனப்பாடம்.

வேலையிடத்தில் இந்தக் குணம் எல்லோருக்கும் பிடிக்கவில்லை. சாயங்காலமானால் மாடிக்குப் போய், "காலையில அனுப்பினேனே, அது என்ன சார் வந்தது?" என்று கேட்பார். டெக்னீசியனுக்கு எதற்கு இதெல்லாம் என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. டாக்டர் ஹஃப்ஸா சுளிக்கவில்லை. நாற்காலியை நகர்த்திப் போட்டு, "வாங்க லூர்து, நீங்களே பாருங்க" என்பார்.

அந்த ஹஃப்ஸாதான் மூன்று வருடத்துக்கு முன் ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கினார். தோலில் வரும் கரும்புற்று பற்றியது. மெலனோமா என்பார்கள். நம் ஊர்க்காரர்களுக்கு அது வருவது குறைவு. வந்தால் பெரும்பாலும் உள்ளங்காலில், நகத்தடியில் என்று யாரும் உற்றுப் பார்க்காத இடத்தில் வரும். சாதாரண மச்சம் என்று விட்டுவிடுவார்கள். மைக்ராஸ்கோப்பில்கூடச் சில நேரம் மச்சமா புற்றா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். பிரித்துக் காட்ட ஓர் அடையாளம் கிடைக்குமா என்பதுதான் ஹஃப்ஸாவின் கேள்வி.

அவர் கண் வைத்திருந்தது ஒரு புரதத்தின் மேல். உடம்பின் ஒவ்வொரு செல்லையும் ஒரு மெல்லிய சவ்வு மூடியிருக்கிறது. சோடியம், பொட்டாசியம், கால்சியம் போன்றவை மின்னேற்றம் பெற்ற அயனிகளாக அந்தச் சவ்வைத் தாண்டி உள்ளே போகவும் வெளியே வரவும் புரதத்தாலான வழிகள் உண்டு. அவற்றுக்கு அயனி வாய்க்கால் என்று பெயர்.

"முக்கொம்பு அணையில ஷட்டரைத் திறந்து மூடுறாங்கல்ல, அது மாதிரிதான்" என்று ஹஃப்ஸா விளக்கினார். "புற்று செல்லு வளரணும், நகரணும்னா சில ஷட்டரை அளவுக்கு அதிகமா கட்டிக்குதுன்னு நெறைய பேர் எழுதியிருக்காங்க. பொட்டாசியம் போற ஷட்டர் ஒண்ணை எடுத்துக்குவோம். புற்றுல அது நெறைய இருந்து, மச்சத்துல இல்லைன்னா நமக்கு ஒரு அடையாளம் கெடைச்ச மாதிரி."

லூர்துராணிக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. பதினைந்து வருடம் சீவிய செல்களுக்குள் இப்படி ஷட்டர்கள் இருக்கின்றன என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை.

ஆனால் முதல் பத்து ஸ்லைடிலேயே வேலை முட்டிக்கொண்டு நின்றது. அந்தப் புரதம் எங்கே இருக்கிறதோ அங்கே பழுப்பு நிறம் ஏறும்படியான சாயம் அவர்களிடம் இருந்தது. கரும்புற்று செல்களுக்குள் ஏற்கெனவே தோலின் கருநிறம் பொடிப்பொடியாக நிறைந்திருக்கிறது. அதுவும் மைக்ராஸ்கோப்பில் பழுப்பு. பழுப்பின் மேல் பழுப்பு ஏறினால் எது புரதம், எது தோலின் நிறம்? ஹஃப்ஸா கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தார். சிவப்பு நிறம் தரும் சாயம் உண்டு. வெளியிலிருந்து வர மூன்று மாதமாகும், வரும் என்ற உறுதியும் இல்லை. கருநிறத்தை வெளுக்க வைத்துப் பார்த்தார்கள். வெளுத்தது. சீவலும் ஸ்லைடை விட்டுக் கழன்று மிதந்து போனது.

ஒரு வாரம் கழித்து, தோல் தடிப்போடு வந்த வேறொரு நோயாளியின் சீவலுக்கு லூர்துராணி ஜீம்சா சாயம் ஏற்றிக்கொண்டிருந்தார். மலேரியா பார்க்க ரத்தத்தில் போடும் அதே நீலச் சாயம்தான். பக்கத்து அறையில் புட்டி புட்டியாக இருக்கும். சரியாக ஏறியிருக்கிறதா என்று மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். தோலின் அடி வரிசையில் கருநிறம் இருக்க வேண்டிய இடம் பச்சையாக இருந்தது.

இதை அவர் நூறு தடவை பார்த்திருக்கிறார். ஜீம்சா போட்டால் தோலின் கருநிறம் பச்சையாகத் தெரியும். அதில் புதிதாக ஒன்றுமில்லை. ஆனால் அன்றைக்கு அவர் ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். புரதத்தைப் பழுப்பாகவே விட்டுவிட்டு, மேலே ஜீம்சாவைப் போட்டால்? கருநிறம் பச்சையாகிவிடும். புரதம் மட்டும் பழுப்பாக நிற்கும்.

மதியச் சாப்பாட்டு இடைவேளையில் செய்து பார்த்தார். முதல் ஸ்லைடு முழுக்க நீலத்தில் முங்கிப் போனது. சாயத்தை நீர்க்கச் செய்து இரண்டாவது போட்டார். அதுவும் நீலம்தான், கொஞ்சம் குறைவு. மூன்றாவதை லேசான அமிலத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கி எடுத்தார். மைக்ராஸ்கோப்பில் வைத்துக் குமிழைத் திருப்பத் திருப்ப, செல்களின் நடுவே பாசிப்பயறு நிறத்தில் துகள்கள் தெரிந்தன. அவற்றைச் சுற்றி, செல்லின் ஓரத்தை ஒட்டி, மெல்லிய பழுப்புக் கோடு.

லிஃப்டுக்குக் காத்திராமல் படியேறி ஓடினார். ஹஃப்ஸா டிபன் டப்பாவைத் திறந்த கையோடு எட்டிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு டப்பாவை மூடி ஓரமாக வைத்துவிட்டு, இன்னும் ஐந்து ஸ்லைடு இதே மாதிரி வேண்டும், இன்றைக்கே வேண்டும் என்றார். இரண்டு பேரும் அன்று மதியம் சாப்பிடவில்லை.

மறுநாள் ஹஃப்ஸா கொஞ்சம் தயக்கத்தோடு ஒரு விஷயம் சொன்னார். இணையத்தில் தேடியதில், இதே உத்தியை வெளிநாட்டில் சிலர் வெகு காலம் முன்பே எழுதி வைத்திருக்கிறார்களாம். லூர்துராணியின் முகம் ஒரு நொடி சுருங்கியது. அப்புறம், "அப்ப நாம பண்ணினது தப்பில்லைன்னு ஆயிடுச்சு மேடம்" என்றார். ஹஃப்ஸா சிரித்துவிட்டார்.

ஆய்வுக்கு மருத்துவமனைக் குழுவின் அனுமதி ஏற்கெனவே இருந்தது. சேமிப்பு அறையிலிருந்து நாற்பத்தாறு மெழுகுக் கட்டிகளை எடுத்தார்கள். இருபத்திரண்டு புற்று, இருபத்துநாலு மச்சம். எது எது என்று ஹஃப்ஸாவுக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் கண் தானாக ஒரு பக்கம் சாயும். அதனால் லூர்துராணி பெயர்களை மறைத்து, ஒன்று முதல் நாற்பத்தாறு வரை கலைத்து எண் போட்டு, எந்த எண் எந்தக் கட்டி என்ற பட்டியலை உறையிலிட்டு ஒட்டினார். ஆறு வாரம் சீவினார். ஹஃப்ஸா ஒவ்வொன்றையும் பார்த்துப் பழுப்பு இல்லை, லேசு, நடுத்தரம், அழுத்தம் என்று குறித்தார்.

மாசி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் காலையிலேயே உறையைப் பிரித்தார்கள். லூர்துராணி எண்ணையும் நோயையும் படிக்க, ஹஃப்ஸா தன் குறிப்பைப் படித்தார். முதல் எண் புற்று, அழுத்தம். இரண்டாவது மச்சம், பழுப்பு இல்லை. மூன்றாவது மச்சம், இல்லை. நாலாவது புற்று, அழுத்தம். பத்தைத் தாண்டும்போது ஹஃப்ஸா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். இருபதைத் தாண்டும்போது லூர்துராணி உட்காராமல் நின்றுகொண்டே படித்தார். ஒன்றிரண்டு பிசகின. மற்றதெல்லாம் வரிசையாக வந்து விழுந்துகொண்டே இருந்தன.

முப்பத்தொன்று. பட்டியலில் மச்சம் என்று இருந்தது. ஹஃப்ஸாவின் குறிப்பில் அழுத்தம்.

மீதியைப் படித்து முடித்தார்கள். இருபத்திரண்டு புற்றில் பத்தொன்பதில் பழுப்பு நன்றாக ஏறியிருந்தது. மச்சங்களில் ஒன்றில் லேசாக இருந்தது. முப்பத்தொன்றில் மட்டும்தான் அழுத்தம். நியாயமாகப் பார்த்தால் கொண்டாட வேண்டிய நேரம். லூர்துராணி கொண்டாடவில்லை. எண் போடும்போது தான்தான் மாற்றிப் போட்டுவிட்டோம் என்று நினைத்தார். மெழுகுக் கட்டியைத் தேடி எடுத்து, மேலே பொறித்திருந்த எண்ணை மூன்று முறை சரிபார்த்தார். மாறவில்லை. புதிதாகச் சீவிச் சாயம் ஏற்றினார். அதே அழுத்தமான பழுப்பு.

"இந்தச் சாயத்தை வச்சு யாருக்கும் நோய் இருக்கு இல்லைன்னு சொல்ல முடியாது" என்றார் ஹஃப்ஸா. "ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்ங்கறது இங்க செல்லாது. ஆனா திரும்பப் பாக்கச் சொல்லுது, அவ்வளவுதான். கட்டியில மிச்சம் இருக்கா? இன்னும் ஆழமா சீவுங்க."

கட்டியில் மிச்சம் இருந்தது. ஒரு மிளகளவு. லூர்துராணி மூச்சைப் பிடித்துக்கொண்டு சீவினார். பத்துச் சீவலுக்கு ஒன்று எடுத்து வழக்கமான சாயம் ஏற்றி மேலே அனுப்பினார். பத்து, இருபது, முப்பது வரை மச்சம்தான். நாற்பதாவதில் காட்சி மாறியது. அடியில் ஒரு மூலையில் செல்கள் ஒழுங்கு கலைந்து மேல்நோக்கி ஏறிக்கொண்டிருந்தன. புற்றை உறுதிசெய்ய எங்கும் பயன்படுத்தும் சோதனைகளையும் ஹஃப்ஸா செய்யச் சொன்னார். வேறொரு மூத்த மருத்துவரிடமும் காட்டினார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் இருவரும் ஒன்றையே சொன்னார்கள். கரும்புற்று. தொடக்க நிலை.

நோயாளியின் பெயர் வீரம்மாள். ஐம்பத்தெட்டு வயது. ஸ்ரீரங்கம் மேலூர் ரோடு. ஐந்து மாதத்துக்கு முன் உள்ளங்காலிலிருந்து சிறு துண்டு எடுத்திருக்கிறார்கள். மச்சம் என்று முடிவு வந்து, மூன்று மாதம் கழித்துக் காட்டச் சொல்லியும் அவர் வரவில்லை. கொடுத்திருந்த போன் எண் உபயோகத்தில் இல்லை. திங்கட்கிழமை ஆள் அனுப்பலாம் என்று அலுவலகத்தில் சொன்னார்கள்.

லூர்துராணிக்கு அதுவரை பொறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தான் போய்ப் பார்க்கலாமா என்று ஹஃப்ஸாவிடம் கேட்டார். ஹஃப்ஸா மேலிடத்தில் பேசி ஒப்புதல் வாங்கினார். வீட்டைக் கண்டுபிடித்ததும் தனக்குப் போன் போட வேண்டும், நோயைப் பற்றித் தானே பேசுவேன் என்று மட்டும் சொன்னார்.

ஞாயிறு காலை மாதா கோயிலில் பூசை முடிந்ததும், கோயிலுக்குக் கட்டிய பட்டுச்சேலையோடு ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறினார். காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்தது. ஸ்ரீரங்கத்தில் இறங்கி மேலூர் ரோட்டில் விசாரித்தால், எந்த வீரம்மா என்று கேட்டார்கள். நாலு வீரம்மாக்கள் இருந்தார்கள். வாழைத்தோப்பில் இலை அறுக்கிற வீரம்மாவா என்று இலைக்கட்டு ஏற்றிக்கொண்டிருந்த ஒருவர் கேட்டதும், செருப்பில்லாமல் தோப்பில் வேலை செய்யும் கால் லூர்துராணியின் மனதில் வந்தது. அவராகத்தான் இருக்கும் என்றார்.

வீட்டில் மருமகள் சுஜா இருந்தாள். போன வருஷம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனது அவள்தான்; மச்சம்தான் என்று சொன்ன பிறகு அத்தை திரும்ப வர மாட்டேன் என்று சாதித்துவிட்டாராம். அத்தை எங்கே என்று லூர்துராணி கேட்டார்.

"சமயபுரத்துக்குப் பூ எடுத்துட்டு நடந்து போயிட்டாங்கக்கா. பூச்சொரிதல் இல்ல? விடியக்காத்தால கெளம்பிட்டாங்க. போனும் எடுத்துட்டுப் போகலை."

சுஜா ஸ்கூட்டரை எடுத்தாள். பின்னால் லூர்துராணி. திருவானைக்காவல் தாண்டி, கொள்ளிடம் பாலத்தில் ஏறியபோது ரோட்டின் ஒரு பக்கம் முழுக்க மஞ்சள் சேலைகள். தலையிலும் கையிலும் பூத்தட்டுகள். சுஜா மெதுவாக ஓட்டிக்கொண்டே ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். லூர்துராணிக்கு வீரம்மாளின் முகம் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் காலின் தோலுக்குள் இருந்தது மட்டும்தான். ஆனாலும் அவரும் தேடினார். அவ்வளவு கால்கள்.

நம்பர் ஒன் டோல்கேட்டில் ஒரு நீர்மோர்ப் பந்தல். சுஜா பிரேக்கை அழுத்தினாள்.

ஒல்லியான அம்மா ஒருவர் பூத்தட்டை மடியில் வைத்துக்கொண்டு மோர் குடித்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருக்கிறார்கள் என்று சுஜா சொன்னதும் வீரம்மாள் லூர்துராணியை மேலும் கீழும் பார்த்தார். புண் அப்போதே ஆறிவிட்டதே, இன்னும் எதற்கு என்று கேட்டார்.

வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சு லூர்துராணிக்கு மறந்துபோனது. வீரம்மாளின் எதிரே குந்தி உட்கார்ந்து, காலைப் பார்க்கலாமா என்று கேட்டார். வீரம்மாள் காலைத் திருப்பிக் காட்டினார். தூசும் வெடிப்புமாக இருந்த உள்ளங்காலில், கட்டைவிரல் மேட்டுக்குக் கீழே கடலைப்பருப்பு அளவில் கரிய திட்டு. பக்கத்தில் துண்டு எடுத்த வெள்ளைத் தழும்பு. இதுதானா என்று லூர்துராணிக்கு இருந்தது. மூன்று நாளாக அவர் உலகத்தையே அடைத்துக்கொண்டிருந்தது இவ்வளவுதான்.

ஹஃப்ஸாவுக்குப் போன் போட்டுக் கொடுத்தார். பந்தலுக்குப் பின்னால், கூட்டத்தை விட்டுத் தள்ளிப் போய் நின்று மாமியாரும் மருமகளும் கேட்டார்கள். முன்பு பார்த்தபோது மேலாக மச்சம்தான் தெரிந்தது, ஆழத்தில் கெட்டது தொடங்கியிருக்கிறது, ரொம்பச் சின்னது, சீக்கிரம் எடுத்துவிட்டால் நல்லபடியாகப் போகும் என்ற நம்பிக்கை நிறைய இருக்கிறது என்று ஹஃப்ஸா நிதானமாகச் சொன்னார். சுஜா அழ ஆரம்பித்தாள். வீரம்மாள் அழவில்லை. போனை லூர்துராணியிடம் கொடுத்துவிட்டுக் கேட்டார்:

"அன்னைக்கு மச்சம்னாங்க. இன்னைக்கு இல்லைங்கறாங்க. நீ உன் கண்ணால பாத்தியா தாயி?"

"பாத்தேம்மா. நான்தான் சீவுனேன். நாப்பதாவது சீவல்ல இருந்துச்சு."

வீரம்மாள் பூத்தட்டைச் சரியாகப் பிடித்துக்கொண்டார். "சரி. நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும்?"

ஸ்கூட்டரில் வீட்டுக்குப் போகலாம் என்று சுஜா கெஞ்சினாள். எடுத்த பூவை ஆத்தாளுக்குக் கொடுக்காமல் திரும்ப மாட்டேன் என்றார் வீரம்மாள். நடக்கலாமா என்று லூர்துராணி போனிலேயே கேட்டார். இன்று நடப்பதால் ஒன்றும் ஆகாது, நாளைக்குக் கட்டாயம் வர வேண்டும், அவ்வளவுதான் என்று பதில் வந்தது. உடனே லூர்துராணி செருப்பை ஸ்கூட்டரின் முன்னால் வைத்துவிட்டு, பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வீரம்மாளோடு நடந்தார். ஏன் அப்படிச் செய்தார் என்று பிற்பாடு ஆசீர் கேட்டார். விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை என்றார் லூர்துராணி.

வழியெல்லாம் பேச்சு. சதையை எப்படிச் சீவுவார்கள் என்று வீரம்மாள் கேட்டார். வாழையிலைச் சருகைவிட மெல்லிசாக வருமா என்றார். அதைவிட மெல்லிசு என்று லூர்துராணி சொன்னதை அவர் நம்பவில்லை. சாயம், பச்சை, பழுப்பு, ஷட்டர் என்று லூர்துராணி மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போனார். சமயபுரம் போய்ச் சேர்ந்தபோது கோயிலுக்கு வெளியே வரிசை ஒரு தெருவை வளைத்திருந்தது. வீரம்மாளோடு அவரும் நின்றார். பூவைக் கொடுத்துவிட்டு வெளியே வந்த வீரம்மாள், லூர்துராணியின் பாதத்தைப் பார்த்து, கொப்புளம் போட்டிருக்கிறதே என்று திட்டினார்.

திங்கள் காலை எட்டரைக்கே வீரம்மாளும் சுஜாவும் வாசலில் நின்றார்கள். ஒன்பது நாளில் அறுவை சிகிச்சை நடந்தது. எடுத்த துண்டு வழக்கம்போல லூர்துராணியின் அறைக்கே வந்தது. ஒரு மில்லிமீட்டரைக்கூடத் தாண்டாத ஆழம். ஓரங்களில் புற்று இல்லை. புற்று பரவினால் முதலில் போய்ச் சேரும் இடம் என்று தொடையிடுக்கில் எடுத்த நிணநீர்க் கணுவிலும் இல்லை. கடைசிச் சீவலைப் பார்த்துவிட்டு ஹஃப்ஸா தானே படியிறங்கி வந்து அதைச் சொன்னார். அவர் அந்த அறைக்குள் வந்தது அபூர்வம். லூர்துராணி கையுறையோடு அவர் கையைப் பிடித்துக்கொண்டு குதித்ததை ரத்தப் பரிசோதனை அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

ஒன்றரை வருடமாகிறது. வீரம்மாள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் வந்து காட்டுகிறார். காலை லேசாகச் சாய்த்துத்தான் நடக்கிறார். தோப்புக்குப் போவதை நிறுத்தவில்லை, இப்போது செருப்பு போட்டுக்கொள்கிறார். வரும்போதெல்லாம் தரைத்தளத்துக் கடைசி அறைக்கும் ஒரு இலைக்கட்டு வந்துவிடுகிறது.

நாற்பத்தாறு கட்டிகளின் முடிவைச் சென்ற ஆண்டு ஒரு மாநாட்டில் வைத்தார்கள். எழுதியவர்கள் பட்டியலில் லூர்துராணியின் பெயரும் இருந்தது. சாயத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு நீங்களே பதில் சொல்லுங்கள் என்று ஹஃப்ஸா அவரை ஆய்வு விவரங்களை ஒட்டிய தட்டியின் பக்கத்தில் நிறுத்திவிட்டார். வெளிமாநிலத்து டாக்டர் ஒருவர், எவ்வளவு நீர்க்கச் செய்தீர்கள், அமிலத்தில் எத்தனை நொடி என்று கேட்டார். லூர்துராணி தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பதில் சொன்ன வேகத்தில் அவருக்குப் பாதிதான் புரிந்தது. இன்னொரு முறை மெதுவாகச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார்.

இந்தப் புரதம் உண்மையிலேயே நம்பத்தகுந்த அடையாளமா என்று இன்னும் யாருக்கும் தெரியாது. நாற்பத்தாறு போதாது என்கிறார் ஹஃப்ஸா. முன்னூறு பார்த்தால் பொய்யாகவும் போகலாம் என்கிறார். அந்த முன்னூறு இப்போது மற்ற ஊர் மருத்துவமனைகளிலிருந்து வர ஆரம்பித்திருக்கின்றன. தஞ்சாவூரிலிருந்து முதல் பெட்டி போன புதன்கிழமை வந்தது. எட்டு மணிக்கு வர வேண்டிய லூர்துராணி ஏழுக்கே வந்துவிட்டார். பெட்டியைப் பிரித்து, முதல் மெழுகுக் கட்டியைப் பனிக்கட்டியில் குளிரவைத்து, இயந்திரத்தில் பொருத்திச் சக்கரத்தைச் சுற்றினார். சீவல் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு, நாடாபோல நீளமாக, கிழியாமல் இறங்கி வந்தது.